தனம் அக்கா பிரிக்காத மஞ்சள் பை

மாலை ஏழரை மணிக்கும் மஞ்சள் பை எங்கள் கேட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் முதலில் கவனித்தது அதைத்தான். தனம் அக்கா வேலை முடிந்து ஆறே முக்காலுக்கு லிப்டை விட்டு வெளியே வந்தால், தன் வீட்டுச் சாவியைத் தேடுவதற்கு முன்பே எங்கள் கேட்டில் பை தொங்குகிறதா என்றுதான் பார்ப்பார். ஐந்து வாரமாக இல்லாத பை அன்று தொங்கியது. எடுக்க ஆள் வரவில்லை.

எட்டு மணிக்கு அம்மா கேண்டீன் வேலை முடிந்து வந்தார். பூட்டைத் திறந்து, பையைக் கழற்றி, அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "கீழ சொன்னாங்கம்மா. தனம் மத்தியானம் கிளினிக்ல மயங்கி விழுந்துட்டாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." என்றார். பிறகு பையை என் மடியில் வைத்தார். நான் போட்ட நான்கு முடிச்சும் அப்படியே இருந்தன.

சனிக்கிழமைத் தையல் குழுவில் உள்ள உங்கள் எல்லாருக்கும் தனம் அக்காவைப் பல வருடமாகத் தெரியும். எனக்கு ஒன்றரை வருடம்தான் தெரியும், அதுவும் பெரும்பாலும் கேட்டுக் கம்பிகளுக்கு இடையே. "பேச வராட்டி எழுதிக் குடும்மா, எல்லாரும் படிக்கட்டும்" என்று நூர்ஜஹான் ஆண்ட்டி கேட்டதால் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாத சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் ஒன்று என் தவறு.

எனக்குப் பதினேழு வயது. உயர்நிலை மூன்றில், பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். வகுப்பில் எழுந்து நின்றால் குரல் வராது. காலையில் சீருடையைப் போட்டதும் வாந்தி வரும். பள்ளியை விட்ட பிறகு, கதவைத் தட்டுகிறவர்களைப் பார்த்துப் பயந்தேன். "ஏன் இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?" என்று தோ பாயோ அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் மாடியில் எல்லாரும் கேட்டார்கள். அதனால், வேலைக்குப் போகும்போது கேட்டை வெளியே பூட்டிவிட்டுப் போகும்படி நான்தான் அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். வெளியே பூட்டு தொங்கினால் உள்ளே யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள் அல்லவா? இன்னொரு சாவி உள்ளே ஆணியில் தொங்கியது. பல மாதம் அதை நான் தொடவில்லை. அம்மாவின் பழைய தையல் மெஷினில் தலையணை உறை தைத்தேன், பை தைத்தேன், தைத்ததைப் பிரித்து மறுபடியும் தைத்தேன். பகல் அப்படித்தான் போனது.

ஒரு நாள் மத்தியானம் கேட்டுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. "உள்ள யாரு? பூட்டின வீட்டுல மெஷின் ஓடுதே! பேயா இருந்தாலும் பரவால்ல, கொஞ்சம் வா. நான் மாட்டிக்கிட்டேன்."

கதவை நான்கு விரல் அளவு திறந்து பார்த்தேன். மூன்று வீடு தள்ளி இருக்கும் தனம் அக்கா நின்றுகொண்டிருந்தார். ஆரஞ்சு நைட்டி. இடுப்பிலிருந்து ஒரு பெரிய ஒட்டுத்துணிப் போர்வை தரை வரை தொங்கியது. மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துக் கோடு கோடாகத் தைக்கும்போது, மடியில் கிடந்த நைட்டியும் அடியில் புகுந்துவிட்டது. அது தெரியாமல் ஒரு முழம் தைத்துவிட்டார். உங்களில் பலருக்கும் இது நடந்திருக்கும். ஆனால் அதை மாட்டிக்கொண்டே நடையில் இழுத்து வந்தவர் அவராகத்தான் இருப்பார்.

"கழட்டிட்டு பிரிக்கலாம்தான். வேற நைட்டி எல்லாம் மூங்கில் கம்புல காயுது, அண்ணன் ஹால்ல டிவி பார்க்கிறாரு. தையல் பிரிக்கிற ஊசி வச்சிருக்கியா?"

நான் கேட்டைத் திறக்கவில்லை. பிரிக்கிற ஊசியை எடுத்து வந்து உட்கார்ந்தேன். அக்கா இடுப்பைக் கம்பியோடு ஒட்டி நின்றார். நான் உள்ளே இருந்து கையை வெளியே விட்டு ஒவ்வொரு தையலாக அறுத்தேன். இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் அவரே பேசினார். நான் ஏன் வீட்டில் இருக்கிறேன் என்று மட்டும் கேட்கவில்லை. கடைசித் தையல் விட்டதும் குனிந்து பார்த்து, "துணியில ஒரு ஓட்டை இல்ல. நீ யாருடி?" என்றார்.

பெயரைச் சொன்னேன். ஆனால் அன்று முதல் அவர் என்னை "பூட்டு" என்றுதான் கூப்பிட்டார்.

மறுநாள் காலை கேட்டில் ஒரு பை தொங்கியது. லிட்டில் இந்தியாவில் அவர் வேலை பார்த்த கிளினிக்குக்குப் பக்கத்தில் இருந்த ரவிக்கைத் தையற்கடைகளில் வாங்கிய வெட்டுத் துண்டுகள் அதில் இருந்தன. மாலையில் அவற்றைச் சதுரமாக வெட்டித் தைத்து மாட்டி வைத்தேன். இப்படித்தான் தொடங்கியது. அவர் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்குத் தைக்கப் பொறுமை கிடையாது. போர்வையைச் சுற்றி பார்டர் வைக்கும்போது நடுவில் அளந்து அந்த நீளத்துக்குத் துணியை வெட்ட வேண்டும். அவர் அளக்கவே மாட்டார். நீளத் துணியை ஓரத்தில் வைத்து ஓட்டிக்கொண்டே போய், மிஞ்சியதைக் கத்தரித்துவிடுவார். ஓரம் இழுபட்டு, பார்டர் அலை அலையாக நிற்கும். நான் பிரித்து நடுவில் அளந்து தைத்துக் கொடுப்பேன். "அவசரம் என்னோடது, அளவு உன்னோடது" என்பார். யாரிடமும் எதற்காகவும் அவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. இதைத்தான் சொல்வார்.

ஒரு நாள் உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த கறிபாப் டப்பாவோடு வந்து நின்றார். டப்பா கம்பிக்குள் நுழையவில்லை. ஒன்றை எடுத்து நுழைத்துப் பார்த்தார், ஓரம் உதிர்ந்தது. "துணி உள்ள போகும், ஊசி உள்ள போகும். என் கறிபாப் ஒல்லியா இல்ல லா. ஆணியில சாவி தொங்குது, எனக்கு இங்கேருந்தே தெரியுது. தினமும் பார்க்காத மாதிரி போறேன்" என்றார். அன்றுதான் சாவியை முதல் முறையாக எடுத்தேன். டப்பாவை வாங்கிக்கொண்டு மறுபடியும் பூட்டிவிட்டேன். அக்கா தன் பங்கு கறிபாப்பை வெளியே நடையில் உட்கார்ந்து தின்றார். நான் உள்ளே உட்கார்ந்து தின்றேன்.

போன வருடம் குழுவில் சுற்றுப் போர்வை தொடங்கியபோது, ஏழாவது ஆளாக என் பெயரையும் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை. அதன் விதி உங்களுக்குத் தெரியும், படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொருவரும் நடுத்துண்டு ஒன்று தைத்துப் பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். பை மாதம் ஒருவரிடம் போகும். ஒவ்வொருவரும் சுற்றிலும் ஒரு பார்டர் வைப்பார்கள். பைக்கு உரியவர் இடையில் பார்க்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும் ஒரே நாளில் திறப்பு. உரியவர் நேரில் வந்து, தன் கையால் முடிச்சை அவிழ்க்க வேண்டும். வேறு யார் கையிலும் பையைக் கொடுக்க மாட்டீர்கள்.

மாதாமாதம் பைகளை அக்காதான் சுமந்து வந்தார், சுமந்து போனார். நான் வராததற்கு உங்களிடம் அவர் சொன்ன காரணங்களை இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மாதம் எனக்கு ஷிப்ட் வேலையாம். இன்னொரு மாதம் அம்மை போட்டிருந்ததாம். அப்படி ஒரு பெண்ணே இல்லை, இவரே இரண்டு பார்டர் வைக்கிறார் என்று நீங்கள் கேலி செய்தீர்களாம். "தனம், உன் கோடு இந்த ஜென்மத்துல இவ்வளவு நேராப் போகாது" என்று நூர்ஜஹான் ஆண்ட்டி சொன்ன பிறகுதான் நான் இருப்பதை நம்பினீர்களாம்.

கடைசியாக என்னிடம் வந்தது தனம் அக்காவின் சொந்தப் பை. அந்த மஞ்சள் பை. அதையும் அவரே கொண்டு வந்தார். "ஸ்கேன் ரிப்போர்ட் கவரைக் கையில வச்சுக்கிட்டுப் பிரிக்கப் பயப்படுவாங்க பாரு, அந்த மாதிரி இருக்கு எனக்கு. சீக்கிரம் முடி, பூட்டு. மத்த ஆறும் ரெடி. இது முடிஞ்சா திறப்பு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "உன் பையை நான் தூக்கிட்டு வர மாட்டேன். நீயே வந்து வாங்கு" என்றார்.

இனிதான் என் தவறு. அந்த பார்டரை நான் ஆறே நாளில் முடித்துவிட்டேன். நீங்கள் எல்லாரும் வைத்த பார்டர்களை, அக்கா இன்னும் பார்க்காததை எல்லாம், கட்டிலில் விரித்து நான் பார்த்தேன். பிறகு பையில் போட்டு அலமாரிக்குள் வைத்தேன். முடிந்தது என்று சொன்னால் திறப்பு நாள் வரும். திறப்பு நாள் வந்தால் நான் பஸ் ஏற வேண்டும், அறை நிறைய ஆட்கள் இருப்பார்கள், யாராவது என்னைப் பேசச் சொல்வார்கள். அக்கா தினமும் மாலை கேட்டில் நின்று, "முடிஞ்சுதா?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். ஐந்து வாரம் இதே பதில். உங்கள் ஐந்து பேரின் போர்வைகளும் அதனால்தான் காத்திருந்தன.

கடைசி மாலையும் கேட்டார். நான் அதையே சொன்னேன். கம்பி வழியாக என் விரலைப் பிடித்து ஆட்டி, "அளவு உன்னோடது. நான் காத்திருப்பேன் லா. நீ இல்லாம திறக்க மாட்டோம், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு, அலமாரியிலிருந்து பையை எடுத்துக் கேட்டில் மாட்டினேன். அவர் தன் போர்வையைப் பார்க்காமல் போனதற்கு நான்தான் காரணம். வேறு யாரும் இல்லை.

காரியம் எல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்துத் திறப்பு வைத்தீர்கள். "பையைக் குடு, நான் கொண்டு போறேன்" என்றார் அம்மா. கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்த நேரம் அக்காவின் அண்ணன் வேலு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். பஸ் ஓட்டுகிறவர். அதுவரை அவர் பேசி நான் கேட்டதில்லை. இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார்.

"தங்கச்சி இடத்துல என்னைய வந்து முடிச்சை அவிழ்க்கச் சொல்றாங்க. எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது. பேசவும் வராது" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ வரியா?" என்றார்.

நான் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். லிட்டில் இந்தியாவில் இறங்கும்போது அவர் ஓட்டுநருக்குக் கை காட்டினார்.

துணிக்கடைக்கு மேலே உள்ள அந்த அறையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் முடிச்சுகளை இறுக்கிப் போட்டிருந்தேன். வேலு அண்ணனுக்கு அவிழ்க்க வெகு நேரம் ஆனது. ஆனாலும் யாரும் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. போர்வையை விரித்ததும், "இவ்வளவு பெரிசா?" என்று மட்டும் கேட்டார். இப்போது அது அக்காவின் கட்டிலில் கிடக்கிறது.

பிறகு என் பையைக் கொடுத்தீர்கள். நான் கொடுத்த நடுத்துண்டு சாம்பல் துணியில் எங்கள் கேட்டுக் கம்பி. அதைச் சுற்றி ஆறு பார்டர். கடைசி பார்டர் ஆரஞ்சு. அந்த நைட்டி. அக்கா அதை வெட்டித் தைத்திருந்தார். நடுவில் அளக்கவில்லை, ஓரத்தில் ஓட்டிக்கொண்டே போயிருந்தார். மேஜையில் விரித்தபோது நான்கு பக்கமும் அலையாக எழுந்து நின்றது. ஒரு மூலையில் துணி போதாமல் ஒட்டுப் போட்டிருந்தார்.

"பிரிச்சுத் தைச்சா அரை மணி நேர வேலை, பரவால்லம்மா" என்றார் நூர்ஜஹான் ஆண்ட்டி. நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்ற என் குரல் உங்களுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவர் வைத்த பார்டர்களில் நான் திருத்தாதது இது ஒன்றுதான். தனம் அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது அந்த அலை. அதை நான் பிரிக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலை அம்மா வேலைக்குக் கிளம்பினார். வெளியே நின்று கேட்டைச் சாத்தி, வழக்கம்போல் பூட்டை எடுத்தார். நான் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போய், கம்பிக்கு இடையே கையை விட்டு, பூட்டை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.