ஸ்லட்ஜ் மூட்டைகள் போன இடம்

அந்தக் கொள்கை அறிவிப்பைத் தமிழில் எழுதியவள் நான்தான். எங்கள் ஆலையில் நெய்து சாயமிட்ட துண்டுகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அதை ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தது. யாரையும் கட்டாயப்படுத்தி ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது, அதிகாரிகளுக்கு அன்பளிப்பு எதுவும் தரக் கூடாது, கழிவை அனுமதி இல்லாத இடத்தில் கொட்டக் கூடாது என்று மூன்று பக்கம். தொழிலாளர் நலப் பிரிவில் எனக்கு அது இரண்டாவது வருடம். தவறு நடந்தால் மேலே தெரிவிக்கிறவரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, ‘தவறைச் சுட்டிக்காட்டுபவர்’ என்று எழுதிக் கொண்டுபோனேன். மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தார்.

“காட்டிக் குடுக்கறவன்னு போட்டிருந்தா சுருக்கமா இருந்திருக்குமே.”

நானும் சிரித்தேன். அறிவிப்பை கேன்டீன் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டினார்கள்.

சாயத் தண்ணீரைச் சுத்திகரித்த பிறகு அடியில் தங்கும் சேற்றை ஸ்லட்ஜ் என்போம். காயவைத்து மூட்டை கட்டி, வாரம் ஒருமுறை லாரியில் ஏற்றி, அனுமதி பெற்ற கிடங்குக்கு அனுப்ப வேண்டும். கிடங்கு பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது, போய்ச் சேரவே மூன்று மணி நேரம் ஆகும். மூட்டைகள் போய்ச் சேர்ந்ததற்கு முத்திரை குத்திய ரசீது வரும். மாதக் கடைசியில் நான்கைந்து ரசீதுகள் சேர்ந்து என் மேசைக்கு வரும், ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். ஒன்றரை வருடம் அப்படித்தான் போட்டேன்.

ஒரு மாதம் ஏதோ தோன்றி நேரத்தைப் படித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, கிடங்கில் இறக்கிய நேரம் பகல் ஒரு மணி என்றிருந்தது. அதே செவ்வாய்க்கிழமை, அதே ஒரு மணிக்கு, அந்த லாரியின் டிரைவர் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். மகளுக்குக் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பித் தரச் சொல்லி வந்திருந்தார். நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் அவருக்காக நான் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டிருந்தேன். மற்ற ரசீதுகளையும் எடுத்துப் பரப்பினேன். எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே பேனா. முத்திரைகூட எல்லாவற்றிலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது.

முதலில் டிரைவரைத்தான் சந்தேகப்பட்டேன். ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். தூரப் பயணத்துக்குச் சோம்பல்பட்டு வழியில் எங்கோ தள்ளிவிட்டு வருகிறார் என்று முடிவு கட்டினேன். மூன்று வாரம் ஜன்னலில் இருந்து கவனித்தேன். லாரி பத்து மணிக்கு வெளியே போகும், பன்னிரண்டரைக்குள் திரும்பிவிடும். டயர்களில் வெள்ளையாகக் கல்தூசி படிந்திருக்கும். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அவர் வண்டியை ஷெட்டுக்குப் பின்னால் நிறுத்த ஆரம்பித்தார். அது என் சந்தேகத்தை இன்னும் உறுதியாக்கியது.

நாலாவது வாரம் நேராகவே கேட்டேன். “ஏனுங்ணா, மூட்டையெல்லாம் எங்க எறக்கறீங்க?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தெரியாத மாதிரி கேக்கறீங்களே அம்மணி. வண்டில ஏறுங்க, காட்டறேன்.”

நாமக்கல்லில் தொழிலாளர் அலுவலகத்தில் வேலை இருக்கிறது என்று ஆபீசில் சொல்லிவிட்டு ஏறினேன். பரமத்தி வேலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், ஒரு மண்பாதையில் திரும்பினார். கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று. அடியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது, ஓரத்தில் நீலமும் கருஞ்சிவப்புமாக ஒரு வளையம். கரையெல்லாம் எங்கள் மூட்டைகள். சில வெயிலில் கிழிந்து சேறு வழிந்திருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கிட்டே வந்தார்.

“கம்பெனிக்காரங்களா நீங்க? இந்தத் தண்ணிய ஆடுங்ககூடக் குடிக்கறதில்லீங்க. மோந்து பாத்துட்டுத் திரும்பிருது.”

போனை எடுத்துப் படம் எடுத்தேன். டிரைவர் வண்டியிலிருந்து இறங்காமல் இருந்தார்.

“மேனேஜருக்குத் தெரியுமாங்ணா?”

“அவரு சொல்லாம நான் எப்படீங்க இங்க வருவேன்?”

“அப்ப ரசீது?”

“அதெல்லாம் ஆபீசுலயே எழுதி வெச்சிருவாங்கோ. கீழ உங்க கையெழுத்துதானுங்களே இருக்குது? உங்களுக்கும் இதுல பங்குன்னுதான் நான் நெனச்சிட்டு இருந்தனுங்க. என்னைய வேவு பாக்க விட்டிருக்காங்கன்னுதான் வண்டியப் பின்னாடி நிறுத்துனேன்.”

திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது: நான் அவரைக் கவனித்த அத்தனை நாளும் அவரும் என்னைக் கவனித்திருக்கிறார்.

அடுத்த மாதம் வாங்கும் கம்பெனியின் தணிக்கை. சென்னையிலிருந்து வந்தவர் மிக நல்லவராகத் தெரிந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்ததைக்கூட, விதிப்படி வாங்கக் கூடாது என்று மறுத்துவிட்டு, தன் பாட்டிலில் இருந்து தண்ணீர் குடித்தார். ஆனால் அவர் எந்தெந்தத் தொழிலாளர்களிடம் பேசப் போகிறார் என்று முந்தின நாளே மேனேஜர் எனக்குப் பட்டியல் தந்திருந்தார். ரகசியமாக இருக்க வேண்டிய அது எப்படி மேனேஜர் கைக்கு வந்தது? இந்த மனிதரிடம் சொல்லலாமா, கூடாதா? காலையெல்லாம் அதே யோசனை. மதியம் சுத்திகரிப்பு நிலையத்தில் மேனேஜர் போன் பேசத் தள்ளிப் போனபோது குவாரி விஷயத்தைச் சட்டென்று சொல்லிவிட்டேன். தணிக்கைக்காரர் படங்களைப் பார்த்தார், முகம் மாறவில்லை.

“எனக்கு அனுப்பிடுங்க மேடம். உங்க பேரு வெளிய வராது.”

அவர் சொன்னபடி என் பெயர் வரவில்லை. மூன்று வாரம் கழித்து வந்த அறிக்கையில் ஒரு பத்தி இருந்தது: ஒப்பந்த ஓட்டுநர் ஒருவர் கழிவு மேலாண்மைக் கொள்கையை மீறியிருக்கிறார், அவரைப் பணியிலிருந்து நீக்கியாயிற்று, குறை சரிசெய்யப்பட்டது. நான் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. போனைத் திறந்து படத்தைப் பெரிதாக்கினேன். மூட்டைகளுக்குப் பின்னால், மூலையில், லாரியின் நம்பர் பளிச்சென்று விழுந்திருந்தது.

மறுநாள் வாங்கும் கம்பெனிக்கே என் பெயர் போட்டு எழுதினேன். ரசீதுகள் ஆலையில் எழுதப்பட்டவை, மேனேஜர் சொன்னதைத்தான் டிரைவர் செய்தார், பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் நான். அங்கிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் விசாரித்தார். சில மாதங்களில் குவாரியிலிருந்து மூட்டைகளை அள்ளினார்கள். மேனேஜரைச் சேலம் பக்கம் இருந்த இன்னொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள். அது தண்டனை என்றார்கள் சிலர், பதவி உயர்வு என்றார்கள் சிலர். டிரைவரைத் திரும்ப எடுக்கவில்லை. அவர் லாரி ஒப்பந்தக்காரரின் ஆள், அதில் தலையிட முடியாது என்று வாங்கும் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது.

அவரை ஒருமுறை பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முட்டை லாரி ஓட்டுகிறாராம்.

“அண்ணா, படம் எடுத்தது நான்தானுங்க. நம்பர் விழுந்ததப் பாக்கலீங்க.”

“தெரியுமுங்க.” கரூர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். “உங்களுக்கு வேல இருக்குதுங்களா இன்னும்?”

“இருக்குதுங்க.”

மகள் படிக்கிறாளா என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறினார்.

இப்போது லாரியோடு போகாமல் நான் ரசீதில் கையெழுத்துப் போடுவதில்லை. போகும்போதெல்லாம் கிடங்கின் கதவு திறந்திருக்கிறது, எடை போடுகிறார்கள், முத்திரை குத்துகிறார்கள், எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. ஆனால் ஆலை வாசலைத் தாண்டியதும் புது டிரைவர் யாருக்கோ போன் செய்து, “இன்னைக்கு மேடமும் வாராங்க” என்று சொல்லிவிட்டுத்தான் கியர் மாற்றுகிறார்.