தங்கவேலு சொல்லாத எஃகு

தங்கவேலுவின் ஈரலில் ஒரு நிழல். புற்றா, பழைய தழும்பா என்று சி.டி. ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியவில்லை. தங்கம் வெட்டிக் கொடுத்த கோலார் தங்க வயல்காரர் தன் ஈரலைப் பார்க்க பெங்களூருக்கு ரயிலில் நின்றுகொண்டே போனார். கூட மனைவி ஜெயம்மா.

அங்கே ஒரு மருத்துவமனையில் புதிய எம்.ஆர்.ஐ. முறையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஊசியில் ஏற்றும் மருந்து உடலின் சில புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். காந்தப்புலத்தைச் சற்றுக் கூட்டி ஒரு படம், குறைத்து ஒரு படம். மருந்து ஒட்டிய இடத்தின் வெளிச்சம் மாறும். மற்றவை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஒட்டிய இடம் மட்டும் தனியே தெரியும்; புற்றா தழும்பா என்று பிரிக்க அது உதவலாம். மந்திரமில்லை, இயற்பியல். தங்கவேலுவின் கையில் மைத்துனர் கட்டிவிட்ட தாயத்தை ஜெயம்மா வாசலிலேயே அவிழ்த்துப் பையில் போட்டாள்.

"உடம்புல இரும்பு ஏதாவது இருக்கா, அங்கிள்?" என்று கேட்டாள் டெக்னீஷியன் ஸ்வீட்டி.

"ஒண்ணும் இல்லம்மா."

"இன்னா வேலை பார்த்தீங்க?"

"மைன்ல. ட்ரில்லிங்."

ஸ்வீட்டி நிமிர்ந்தாள். "கே.ஜி.எஃபா? எங்கப்பாவும் ட்ரில்லர்தான். அவரும் எப்பக் கேட்டாலும் ஒண்ணும் இல்லம்பாரு. மொதல்ல கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துடலாம், சில்லு தெறிச்சிருக்கும்."

இடது விழியோரம் எள்ளளவு எஃகுச் சில்லு. காந்தம் இழுத்திருந்தால் பார்வை போயிருக்கும்.

"இன்னாயா நீ! அந்தப் பொண்ணு கேட்டுச்சே, வாய்ல இன்னா வச்சினு இருந்த?" ஜெயம்மா கத்தினாள்.

"சொன்னா மேல அனுப்பிடுவான்னு..."

"எவன்? மைனே மூடியாச்சு, அந்த மேஸ்திரியும் செத்துட்டான்யா!"

அடிபட்டேன் என்று சொன்னவனைச் சுரங்கத்துக்கு மேலே, கூலி குறைந்த வேலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று அந்த ஷிப்டே நடுங்கிச் சொல்லிப் பழகிய பொய் அந்த "ஒண்ணும் இல்ல". சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரில் காவலாளியாக நின்றபோதும் காய்ச்சலை மறைத்தார். விடுப்புக் கேட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். ஒரு மனிதனை வாய் திறக்கவிடாமல் பழக்கிவிட்டு, கடைசியில் "மறைச்சிட்டாரே" என்று அவர்மேலேயே பழி போடுகிறோம். வெட்கம் வேண்டாமா?

சில்லை எடுக்கும்வரை ஸ்கேன் இல்லை. ஈரலைப் பற்றிய பதிலும் இல்லை.

"வேற எங்கயாவது இருக்கா?" என்றார் கண் மருத்துவர்.

தங்கவேலு ஜெயம்மாவைப் பார்த்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"தோள்ல ரெண்டு கீது சார். முட்டியிலயும் பாத்துடுங்க."