பஜ்ஜி எண்ணெய் இன்ஜின்

பஜ்ஜி சுட்டு மிஞ்சின எண்ணெயில் வீட்டுக்கு வெளிச்சம் வரப்போகிறது என்று என் கணவர் சொன்னபோது, ஏதோ புதுமாதிரி அகல் விளக்கைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. இரண்டு பக்கமும் கனத்த இரும்புச் சக்கரம் வைத்த ஓர் ஆயில் இன்ஜின் அதில் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது. அதை இறக்கி வைத்தபோது சமையலறைத் தட்டில் இருந்த டம்ளர்கள் எல்லாம் குலுங்கின. 

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவருக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கல்யாணமானதிலிருந்து குவார்ட்டர்ஸிலேயே இருந்துவிட்டு, அயனம்பாக்கம் ஏரிக்குச் சற்றுத் தள்ளி ஒரு மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தோம். மனை போட்டவர்கள் ரோடு வரும், கரண்ட் வரும், பஸ் வரும் என்றார்கள். ரோடு செம்மண்ணாக வந்தது. மற்ற இரண்டும் வரவில்லை. மின்கம்பம் பழைய ஊர் எல்லையோடு நின்றுவிட்டது. சுவரில் வயர், சுவிட்ச், பல்பு எல்லாம் தயாராக இருக்க, அதன் கீழே மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு நான் சமைத்தேன்.

எங்கள் மனை ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம். விற்ற குடும்பம் ஒரு மூலையைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டு எதிரிலேயே இருந்தது. அந்த வீட்டு அக்காதான் எனக்கு அங்கே முதல் துணை. இந்த இன்ஜின் அவர்களுடைய கிணற்றில்தான் தண்ணீர் இறைத்தது. நிலம் போன பிறகு சும்மா கிடந்ததை இவர் விலைபேசி வாங்கியிருந்தார்.

வண்டியைப் பார்த்துவிட்டு அக்கா வந்தார்கள்.

"இன்னா தங்கச்சி, எங்க கெணத்து இன்ஜின ஊட்டுக்குள்ள கொண்ணாந்து வச்சிகினு கீறீங்க?"

"எண்ணெய் ஊத்தி கரண்ட் எடுக்கப் போறாராம்க்கா. அதுவும் பஜ்ஜி எண்ணெயாம்."

அக்கா இடுப்பில் கை வைத்து இன்ஜினைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டார்கள்.

பாடி என்ற ஊரில் லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு பலகாரக் கடை இருந்தது. நாள் முழுக்க வடை, பஜ்ஜி போட்டுக் கறுத்துப்போன எண்ணெயைக் கடைக்காரர் சாக்கடையில்தான் கொட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் அதை டின்னில் பிடித்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். என் பழைய புடவையை நான்காக மடித்து அதில் வடிகட்டுவார். மிளகாய் விதையும் வெங்காயச் சருகும் கருகிய மாவும் துணியில் தங்கும். மார்கழியில் டின்னுக்குள் எல்லாம் வெள்ளையாக உறைந்துவிடும். நெய் உருக்குகிற மாதிரி அடுப்போரம் வைத்து உருக்கித் தருவது என் வேலை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு இன்ஜினை அதில் வைத்தார். அதைக் கொஞ்சம் டீசலில் ஓட்டிச் சூடாக்கி, பிறகு ஒரு குழாயை மூடி இன்னொன்றைத் திறந்து பஜ்ஜி எண்ணெய்க்கு மாற்றுவார். முதல் நாள் அது நிற்காமல் ஓடியதும், சுவரில் பல்பு எரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. புகையில் பஜ்ஜி வாசனை. தெருநாய்கள் வந்து வேலி ஓரம் உட்கார்ந்துகொண்டன.

ஆனால் வெளிச்சம் நடுங்கியது. இன்ஜினின் பெரிய சக்கரத்துக்கும், கரண்ட் எடுக்க அவர் வாங்கி வைத்த டைனமோவுக்கும் நடுவே அகலமான பட்டை பெல்ட் ஒன்று ஓடியது. இரண்டு முனைகளையும் கம்பிப் பல் வைத்துத் தைத்திருந்தார்கள். அந்தத் தையல் சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் டக் டக்கென்று ஒரு சத்தம், கூடவே பல்பு ஒரு தடவை கண் சிமிட்டும். மிக்ஸியைப் போட்டால் பெல்ட் வழுக்கும், வெளிச்சம் மஞ்சளாகிவிடும். பெல்ட் வழுக்காமலிருக்கப் பிசினைக் காய்ச்சித் தடவிப் பார்த்தார். சில நாள் பெல்ட் கழன்று பாம்பு மாதிரி மூலையில் போய் விழும்.

அவருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் சொல்லி, வரிசையாகப் பள்ளம் வெட்டிய புது சக்கரங்கள் கடைந்து வாங்கினார். லாரி இன்ஜினில் வருகிற மாதிரி பள்ளத்துக்குள் கவ்வி உட்காரும் பெல்ட்டுகளைப் பக்கம் பக்கமாக மாட்டினார். டைனமோவை முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்கிக்கொள்ள அடியில் தண்டவாளம் மாதிரி ஓர் ஏற்பாடு. மாட்டி முடித்த அன்று பல்பு அசையாமல் எரிந்தது.

"இப்ப பாரு. மிக்ஸிய போடு, டிவிய போடு. வழுக்கவே வழுக்காது," என்றார்.

பழைய பெல்ட்டில் கை படாமலிருக்கப் போட்டிருந்த தகட்டு மூடி புது சக்கரத்துக்குப் பொருந்தவில்லை. வேறு செய்ய வேண்டும் என்று கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

மனைப்பிரிவில் வெளிச்சம் உள்ள ஒரே வீடு எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் படம் போட்டால் கூடம் நிறைந்துவிடும். புது பெல்ட் மாட்டிச் சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் டின் காலியாகப் போகிறது என்று அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாடிக்குக் கிளம்பினார்.

முதலில் சத்தம் மாறியதை நான் கவனிக்கவில்லை. வெளிச்சத்தைத்தான் கவனித்தேன். கூடத்துப் பல்பு வெள்ளை வெளேரென்று ஆகிக்கொண்டே போனது. எல்லோர் முகமும் சுண்ணாம்பு அடித்தது போல் தெரிந்தது. டிவிப் படம் பெருத்து ஓரங்களைத் தாண்டியது. யாரோ சிரித்தார்கள். அப்போது பல்பு வெடித்தது. டிவிக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள்.

நான் பின்பக்கம் இன்ஜின் கொட்டகைக்கு ஓடினேன். இன்ஜின் குதித்துக்கொண்டிருந்தது. நிதானமாக இருமுகிற மாதிரி ஓடும் இன்ஜின், ஒரே கூச்சலாக ஓடியது. புகை வெள்ளையாகக் கொட்டகையை அடைத்திருந்தது. எண்ணெய்க் குழாயை மூட எனக்குத் தெரியும். மூடினேன். டீசல் குழாயையும் மூடினேன். இரண்டையும் இறுக்கித் திருகிவிட்டு நின்றேன்.

இன்ஜின் நிற்கவில்லை. இன்னும் வேகமாக ஓடியது.

இன்றுவரை எனக்கு அந்த நொடியைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அடுப்பை அணைத்த பிறகும் பால் பொங்கிக்கொண்டே இருந்தால் எப்படியிருக்கும்? எதைத் தின்று ஓடுகிறது இது?  காற்றை இழுக்கிற அதன் வாய், தட்டு அகலத்தில் எனக்கு நேரே இருந்தது. கூச்சல் அங்கிருந்துதான் வருவதாக எனக்குப் பட்டது. நிறுத்தும் வழி என்று தெரிந்து செய்யவில்லை. அந்தக் கூச்சலை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். எண்ணெய் வடிகட்ட உட்காரும் மணைப்பலகை காலடியில் கிடந்தது. அதை எடுத்து அந்த வாயில் வைத்து அழுத்தினேன்.

பலகையை அது என் கையிலிருந்து பிடுங்கி ஒட்டிக்கொண்டது. அதே சமயம் யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு பக்கம் இல்லை, இரண்டு பக்கமும் இழுத்தது போலிருந்தது. கழுத்து இறுகியது. "விடுங்க, விடுங்க" என்றேன். துணி கிழிகிற சத்தம் கேட்டது. இன்ஜின் இரண்டு மூன்று தடவை விக்கிவிட்டு நின்றது.

திரும்பினேன். எதிர் வீட்டு அக்கா தரையில் விழுந்து கிடந்தார்கள். அவர்கள் கையில் என் புடவையின் ஒரு பாதி. இன்னொரு முனை பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கறுப்பாகச் சுருண்டு மாட்டியிருந்தது.

காற்றில் பறந்த முந்தானையைப் பெல்ட் கவ்வியிருக்கிறது. பின்னால் ஓடிவந்த அக்கா அதைப் பார்த்து, நடுவில் பிடித்துப் பின்னுக்கு இழுத்திருக்கிறார்கள். துணி உருவிக்கொண்டு போனதில் அவர்கள் இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் வழன்றுவிட்டது. பழைய பெல்ட்டாக இருந்தால் வழுக்கிக் கழன்று மூலையில் விழுந்திருக்கும்.

"என்னைத் தள்ளிவிடப் பாக்குறீங்கன்னு நெனச்சேன்க்கா," என்றேன். 

"உட்டுட்டு ஓடலாமான்னுதான் எனக்கும் தோணிச்சி," என்றார்கள் அக்கா. "கை உடமாட்டேன்னுது. நான் இன்னா பண்றது."

அவர் டின்னோடு திரும்பியபோது தெருவே இருட்டில் நின்றுகொண்டிருந்தது.  டார்ச்சோடு கொட்டகைக்குப் போனவர், பெல்ட்டில் மாட்டியிருந்த புடவையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் மூச்சு விட்டார்.

காலையில், இன்ஜினின் மசகெண்ணெய் நிற்கும் அடித்தொட்டியின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் குறியைத் தாண்டி ஏறியிருந்தது. முகர்ந்தால் பஜ்ஜி வாசனை. சரியாக எரியாத பஜ்ஜி எண்ணெய் நாள்தோறும் உள்ளே கசிந்து தொட்டியில் சேர்ந்திருக்கிறது. வீட்டில் நாற்றம் வரக்கூடாதென்று தொட்டியின் புகையை வெளியே விடும் ஆவிக் குழாயை அவரே காற்று வாயில் கொண்டுபோய்ச் செருகியிருந்தார். நிறைந்த தொட்டியிலிருந்து இன்ஜின் அந்த வழியாகத் தன் எண்ணெயையே உறிஞ்சிக் குடித்திருக்கிறது. அதனால்தான் நான் குழாய்களை மூடியும் அது நிற்கவில்லை; பலகை காற்றை அடைத்த பிறகுதான் நின்றது.

"குறைஞ்சாத்தான கவலைப்படணும்னு இருந்துட்டேன்," என்றார். "ஏறும்னு தோணவே இல்ல."

அக்காவை அம்பத்தூரில் டாக்டரிடம் அவர்தான் கூட்டிப்போனார். கட்டுப் பிரிக்கும்வரை அந்த வீட்டுக்கும் சேர்த்து நான் சமைத்தேன். அக்கா ஒரு தடவைகூடக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை; குழம்பில் புளி அதிகம் என்று மட்டும் சொன்னார்கள்.

இன்ஜினை எடைக்குப் போடச் சொன்னேன். அவரும் சரி என்றார். எடைக்கு எடுக்கிற ஆள் வரவில்லை. நாங்கள் மறுபடி மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தோம். ஒருநாள் அக்கா கட்டுப் போட்ட கையோடு கொட்டகை வாசலில் நின்று, "இன்னா, எப்ப ஓட்டப் போறீங்க? டிவி பெட்டி ரிப்பேர் ஆயிடிச்சா இல்லியா?" என்றார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அவர் பெல்ட்டைச் சுற்றிக் கோழிக்கூண்டு போல் கம்பி வலை அடித்தார், விரல்கூடப் போகாதபடி. ஆவிக் குழாயை வெளியே திருப்பிவிட்டார். காற்று வாய்க்கு ஒரு தகட்டுக் கதவு வைத்து, அதைச் சாத்தும் கயிற்றைச் சமையலறை ஜன்னல் வரை கொண்டுவந்தார். தொட்டி எண்ணெயை அடிக்கடி மாற்ற ஆரம்பித்தார்.

திரும்ப ஓட்டிய அன்று சாயங்காலம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். முதல் ஆளாக அக்கா வந்து, டிவிக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பின்னால் பிள்ளைகள் வந்தன. கொஞ்ச நேரத்தில் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பல்பு ஒரே சீராக எரிந்தது. படம் முடிந்து எல்லோரும் எழுந்து போகும்வரை நான் கயிற்றை விடவில்லை. அவர் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்.