இரண்டாம் தடவை இறங்கியவர்

"அண்ணா, அவர் போயிட்டாருண்ணா" என்று அப்பாண்டைராஜின் மனைவி பத்மா போனில் சொன்னபோது என் புத்தி நேராகக் கடலுக்குத்தான் ஓடியது. ஐயோ, அலை இழுத்துவிட்டதா! இல்லையாம். திருப்பருத்திக்குன்றத்தில் தன் வீட்டு வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பிறகு எழுந்திருக்கவேயில்லை. இத்தனை காலம் நான் பயந்த கடல் அப்பாண்டைராஜை ஒன்றும் செய்யவில்லை.

பட்டுக் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவர். அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கும் உப்புநீர் மீன்தொட்டியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். கடையில் விற்கும் உப்பைக் கரைத்து ஊற்ற அவர் சம்மதிக்கவே மாட்டார். தண்ணீரும் மணலும் மாமல்லபுரத்துக் கடலிலிருந்துதான் வரவேண்டும். லோடு ஆட்டோவில் கேன்களோடு என்னையும் ஏற்றிக்கொள்வார். எனக்கோ கடலைக் கண்டாலே கதிகலங்கும். காய்ந்த மணலைத் தாண்டிக் கால் வைக்க மாட்டேன்.

"ஓரத்துல எல்லாம் கலங்கல்யா. இடுப்பளவு போனாத்தான் நல்ல தண்ணி" என்று அவர் இறங்கிவிடுவார். அதுகூடப் பரவாயில்லை. கரைக்கு வந்து வெள்ளைத் துணியில் வடிகட்டி ட்ரம்மில் ஊற்றிய பிறகு, அந்தத் துணியை அலச மறுபடியும் இறங்குவார். ஜைனக் குடும்பம், கிணற்றுத் தண்ணீரை வடிகட்டினாலும் துணியில் தங்கியதைக் கிணற்றுக்கே திருப்பிவிடுகிறவர்கள். "மீனுக்காவ தண்ணி எடுக்கறோம், சரி. துணியில மாட்டிக்கினது என்னய்யா பாவம் பண்ணுச்சு? அத அது வூட்லயே வுட்டுட்டு வரணும்" என்பார். ஒருமுறை அப்படிப் போனவரை அலை மூடியது. துணி மட்டும் மிதந்தது. அப்போதும் நான் காய்ந்த மணலைத் தாண்டவில்லை. இருமிக்கொண்டே வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்: "இன்னாய்யா, எனக்குக் காரியமே பண்ணிட்ட மாதிரி நின்னுக்கினு இருக்கற?"

தகனம் முடிந்த மறுநாள் பத்மா மறுபடி கூப்பிட்டார். சாவு வீட்டில் பிடித்துவைத்த தண்ணீரையெல்லாம் கொட்டிவிடுவது வழக்கமாயிற்றே. உதவிக்கு வந்த உறவுக்காரப் பெண்மணி குடம், அண்டாவோடு சேர்த்து தொட்டியில் மாற்ற ட்ரம்மில் சேர்த்துவைத்திருந்த கடல்நீரையும் கொட்டிவிட்டார். போதாக்குறைக்கு, தீட்டுக் கழியட்டும் என்று மீன்தொட்டிக்குள் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரையும் ஊற்றியிருக்கிறார்.

"ரெண்டும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுண்ணா. நான் வெளிய வரக் கூடாது. அதுங்களும் போயிடுமாண்ணா?"

வேறு யார் இருக்கிறார்கள்? மாமல்லபுரம் போகும் வழியிலேயே ஆட்டோ டிரைவர் சொல்லிவிட்டார்: "கேனு தூக்கறேன் சார். தண்ணிக்குள்ள எறங்க மாட்டேன், நீச்சல் தெரியாது." எனக்கு மட்டும் தெரியுமாக்கும்!

முட்டிவரை இறங்கினேன். காலடி மணலைக் கடல் உருவிக்கொண்டே இருந்தது. காமாட்சி, வரதராஜர், ராஜ் கும்பிட்ட தீர்த்தங்கரர் என ஒருவரையும் விடாமல் சத்தமாகக் கூப்பிட்டேன். எப்படியோ கேன்களை நிரப்பினேன். தண்ணீருக்கடியிலிருந்து ஈர மணலும் அள்ளினேன். "மண்ணக் கழுவாதய்யா, அதுக்குள்ளயும் உசுரு இருக்குது" என்று அவர் சொன்னது ஞாபகம் இருந்ததால் அப்படியே வாளியில் வைத்தேன். வடிகட்டி முடித்தபோது, துணியில் நகக்கண் அளவுக்கு ஏதோ ஒன்று துள்ளியது.

"போலாம் சார், மீனு தாங்காது" என்றார் டிரைவர். துணியை மணலில் உதறிவிட்டு ஏறியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? நான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இறங்கினேன். அலை நெஞ்சில் அறைந்தது, வாயெல்லாம் உப்பு. அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. துணியை விரித்து அலசினேன்.

மறுநாள் பத்மா அனுப்பிய வீடியோவில் மீன்கள் இரண்டும் கீழே இறங்கி மணலைக் கொத்திக்கொண்டிருந்தன. அந்தத் துணி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. தண்ணீர் எடுக்க இனி நான்தான் போக வேண்டும்.

ராஜ், உங்களால் என் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. முதல் தடவை மீனுக்காக இறங்குகிறேன், நடுங்கிக்கொண்டு. இரண்டாம் தடவை உங்களுக்காக இறங்குகிறேன், அப்போதும் நடுங்கிக்கொண்டுதான்.