குண்டுக்காரியின் வாளித் தண்ணீர்

இந்த ஊரில் எரியக்கூடிய பொருள் எதுவானாலும் குண்டுக்காரியின் கையால் ஒருமுறை எரிந்திருக்கிறது என்று சொன்னால், அது சற்று மிகைதான். மாமியாரின் நாற்காலியும் மேலதிகாரியின் மீசையும் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. மற்றபடி நிலக்கரி, கோழித்தீவனம், நாய் பிஸ்கட், அறுந்த செருப்பு என்று அவள் எதையும் விட்டுவைத்ததில்லை.

ஆள் என்னவோ ஒல்லி. பட்டப்பெயர் வந்தது பரிசோதனைக் கூடத்தில் அவள் கையாளும் கருவியால். திருகு மூடி போட்ட தடித்த எஃகுக் கலம். அதற்குப் பெயரே பாம், அதாவது குண்டு. சோதிக்க வேண்டிய பொருளை மாத்திரைபோல் அழுத்தி உள்ளே வைப்பாள். மெல்லிய கம்பியொன்றை அதன்மேல் தொடவிட்டு, மூடி, ஆக்சிஜனை முட்ட முட்ட நிரப்பி, சரியாக இரண்டு லிட்டர் தண்ணீர் உள்ள வாளியில் இறக்குவாள். பொத்தானை அழுத்தினால் கண்மூடித் திறப்பதற்குள் உள்ளே எல்லாம் எரிந்து தீர்ந்துவிடும். வெளியே சத்தமே வராது. தண்ணீர் மட்டும் ஒன்றிரண்டு டிகிரி ஏறும். அந்த ஏற்றத்தை வைத்துப் பொருளுக்குள் எவ்வளவு சூடு ஒளிந்திருந்தது என்று கணக்குப் போட்டுவிடுவாள். இத்தனை வருடத்தில் பாம் ஒருநாளும் வெடித்ததில்லை. வீட்டில் வெடிப்பவர்கள் வேறு.

அவர்களில் முதலிடம் நாத்தனாருக்கு. கணவனின் தங்கை. மர அறுவை ஆலையின் தூளை வாங்கி, இயந்திரத்தில் அழுத்தி, அடுப்பெரிக்கும் கட்டிகளாக விற்கத் தொடங்கியிருந்தாள். வாங்குவதற்குத்தான் ஆளில்லை. கடைசியில் ஒரு சலவை ஆலை, கொதிகலனுக்கு மாதா மாதம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை: கிலோவுக்கு நாலாயிரத்து ஐந்நூறு கிலோகலோரி சூடு இருக்க வேண்டும்.

நண்பகல் வெயிலில் மூட்டையோடு வந்து நின்றாள்.

"அண்ணி, இது போச்சுன்னா மெஷினை வித்துட வேண்டியதுதான். கொஞ்சம் பார்த்துப் போடுங்க."

"பார்த்துதான் போடுவேன். கூட்டிப் போடமாட்டேன்."

"உங்ககிட்ட யாரு கூட்டச் சொன்னா? குறைக்காம இருந்தா போதும்."

குண்டுக்காரி வாளியில் தண்ணீரை நிறுத்து வைத்துவிட்டு, திரும்பி நின்று ஆக்சிஜன் நிரப்பினாள். நாத்தனார் வாய் ஓயாமல் அண்ணனைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் சிறிது நேரம் மட்டும் சத்தமில்லை. கிடைத்த நிம்மதியை எந்த மருமகள்தான் ஏனென்று கேட்பாள்?

பொத்தானை அழுத்தினாள். கணக்கு வந்தது: நாலாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு.

"பார்த்தீங்களா. என் சரக்கு தங்கம்."

"தங்கம் எரியாது. இன்னொரு தடவை போடணும். ரெண்டும் ஒத்துப் போனாத்தான் கையெழுத்து."

வாளித் தண்ணீரைப் புதிதாக அளந்து ஊற்றி இன்னொரு முறை போட்டாள்: நாலாயிரத்து முந்நூறு.

"முதல்ல வந்ததையே எழுதுங்க அண்ணி. ரெண்டாவது தடவை உங்க குண்டு களைச்சுப் போயிருக்கும்."

அண்ணி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். தராசைப் பார்த்தாள், சரி. கம்பியைப் பார்த்தாள், சரி. கழுவுதொட்டி ஓரத்தில் ஈரம் சொட்ட ஒரு கண்ணாடிக் குவளை நின்றது. அதைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். தண்ணீர் குறைந்தால் சூடு கூடுதலாகத் தெரியும். தாளை எடுத்துக் கணக்கைப் பின்னாலிருந்து போட்டாள்.

"முதல் தடவை இந்த வாளியிலேருந்து இருநூறு மில்லி குடிச்சிருக்கே."

"நீங்க அந்தப் பக்கம்தானே திரும்பியிருந்தீங்க?"

"நான் பார்க்கல. பாம் சொல்லுது."

"தாகமா இருந்துச்சு அண்ணி. பளபளன்னு வாளியில நல்ல தண்ணி. குடிக்கறதுக்குன்னு நெனச்சேன்."

பாவமாக இருந்தது. கையெழுத்துப் போடவும் முடியாது, கைவிடவும் முடியாது. குண்டுக்காரி ஒரு கட்டியை எடுத்து உடைத்தாள். உள்ளங்கையில் சில்லென்றது.

"எங்கே அடுக்கி வச்சிருக்கே?"

"குளியலறைச் சுவரோரம். அங்கதான் இடம்."

"சரிதான். கட்டியும் உன்னை மாதிரியே தண்ணி குடிச்சிருக்கு. ஈரத்தை விரட்டவே கொஞ்சம் சூடு போகுது."

கட்டிகள் மொட்டைமாடிக்கு ஏறின. துணி உலர்த்த இடமில்லை என்று வீடே முணுமுணுத்தது. நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடியும் சோதனை. இந்த முறை நாத்தனாரின் கையில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துக் கதவுக்கு வெளியே உட்கார வைத்தாள். நாலாயிரத்து ஐந்நூற்று நாற்பது. இரண்டாவது முறையும் ஏறக்குறைய அதுவே. கையெழுத்து விழுந்தது, அனுப்பும் சரக்கு முழுவதும் இப்படியே காய்ந்திருக்க வேண்டும் என்ற கண்டிப்போடு. சலவை ஆலையின் கொதிகலன் இன்றும் அந்தக் கட்டியில்தான் கொதிக்கிறது.

குடித்த தண்ணீரைக்கூட ஒரு சொட்டு பிசகாமல் சொல்லும் கருவி உலகத்தில் அது ஒன்றுதான் என்று கதையை இங்கே நிறுத்தலாம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து இதுவரை கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் விடவில்லை.

"இருநூறெல்லாம் இல்ல. குடிச்சது பாதிதான். மீதி அவசரத்துல என் மேலயே கொட்டிடுச்சு. அது அண்ணியோட பாமுக்குத் தெரியல."