கெட்டம்பேயில் கால்வாய் விழும் இடம்

கண்டிக் குளத்தில் மிகுந்த தண்ணீர் மெத எல என்ற கால்வாயாக நகருக்குள் ஓடும். கடைத்தெருச் சாக்கடைகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கெட்டம்பேயில் மகாவலியில் விழும். விழுந்தவுடன் கலந்துவிடாது. கரையோரம் கறுப்புத் தண்ணீரும் அப்பால் பழுப்புத் தண்ணீருமாகச் சிறிது தூரம் பக்கம்பக்கமாகப் போகும். இரண்டும் சேரும் அந்தக் கோட்டில்தான் மீன் கூடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் கண்டிக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுத்தராக இருந்தேன். ஞாயிறுதோறும் தூண்டிலோடு அங்கே போவேன். கால்வாய் வாயில் ஒரு தட்டைக் கல் உண்டு. முதலில் வந்தவருக்கே அந்தக் கல். என் மனைவியின் நானா, அவளுடைய மூத்த சகோதரர், எப்போதும் எனக்கு முன்பே வந்து அதில் நிற்பார். நான் சற்று மேலே மூங்கிலடியில் தூண்டில் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவேன். அவர் போகிற வழியில் எங்கள் வீட்டில் இரண்டு கெண்டை கொடுத்துவிட்டுப் போவார். அன்று முழுவதும் நானாவின் கைராசியும் அவர் மீனின் ருசியும்தான் பேச்சு. நான் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தபடி கேட்டிருப்பேன். நான் பிடித்த மீனையும் அவள் ஒருநாள் அப்படிப் புகழ வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு அவர் கெலிஓயாவில் ஒரு கலியாணத்துக்குப் போனார். கல் எனக்குக் கிடைத்தது. அவர் கொண்டுவருவதைவிடப் பெரிய கெண்டையும் கிடைத்தது. எங்கே பிடித்தது என்று மனைவி கேட்டாள். எதையும் சரியாகச் சொல்லிப் பழகியவன் நான். கால்வாய் ஆற்றில் விழுமிடத்தில், கறுப்புத் தண்ணீர் ஓரத்தில் என்றேன்.

"சாக்கடை மீனையா ஊட்டுக்குள்ள கொண்டு வந்தீங்க?" என்று அதைப் பூனைக்குப் போட்டாள்.

உன் நானாவும் அங்கேதான் பிடிக்கிறார் என்றேன். நம்பவில்லை. அடுத்த ஞாயிறு அவர் மீனோடு வந்து கதிரையில் உட்கார்ந்ததும், என் முன்னாலேயே கேட்டாள்.

"ஆத்துலதான் தங்கச்சி. ஏன், மச்சான் எங்க போய்ப் புடிச்சார்?"

பொய்யென்றும் சொல்ல முடியாது. இருவரும் சிரித்தார்கள்.

மழைக்காலத்தில் அவர் காய்ச்சலில் படுத்தார். மறுபடி கல்லில் நின்றேன், மறுபடி ஒரு கெண்டை. இம்முறை அவள் கேட்டபோது ஆற்றில் என்று மட்டும் சொன்னேன். ஆணம் காய்ச்சி, குழம்பில் உப்புப் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. நானாவுக்குக் கொஞ்சம் அனுப்புவோம். மீன் ருசி தெரிஞ்ச மனுசன்."

நடுத்துண்டுகளை எடுத்து அவருக்காக மூடி வைத்தாள். எனக்கு வால் வந்தது.