பாய் படகேறிய ஞாயிறு

இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த பிறகு, கிளிஞ்சல்மேட்டில் என் வீடு கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்ததே எனக்குத் தண்டனையாகிவிட்டது. இருபது வருடம் மீன்பிடித்தவன் நான். டயாலிசிஸ் ஊசிக்காக இடது கையில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். அந்தக் கையால் இனி வலை இழுக்கக் கூடாது. கரைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

திங்களும் வியாழனும் டவுன் ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம், உடம்பில் தேங்கிய தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் மெஷினோடு கிடப்பேன். பக்கத்துப் படுக்கையில் ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் பாய். துபாயில் கடை வைத்திருந்தவர், உடம்பு கெட்டு ஊர் திரும்பியிருந்தார். ஒரு நாள் என்னிடம் சொன்னார்:

"எங்க வாப்பா கப்பல்லயே பினாங்கு போய் வந்தவங்க, தம்பி. நான் பிளேன்ல போனேன், பிளேன்ல வந்தேன். இந்த வயசு வரைக்கும் படகுல கால் வெச்சதில்ல."

"நான் கூட்டிட்டுப் போறேன் பாய்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். மனிதர் விடவில்லை. ஒவ்வொரு முறையும் "எப்ப தம்பி?" என்பார். கடைசியில் அவரே டாக்டரிடம் கேட்டுவிட்டார். டாக்டர் சிரித்தார். "கைய பத்திரமா பாத்துக்குங்க. ஒரு மணி நேரத்துல திரும்பிடணும்."

ஞாயிறு காலை. கடல் குளம்போல் கிடந்தது. என் மச்சானின் ஃபைபர் படகில் அவனோடு நாங்கள் இருவரும் ஏறினோம். பாய் வெள்ளைச் சட்டையில், அத்தர் மணக்க, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். உப்புக் காற்று முகத்தில் அடித்ததும் எனக்குக் கண் கலங்கியது. சுக்கானை வலது கையால் பிடித்தேன். மச்சான் தள்ளி உட்கார்ந்துகொண்டான்.

கரை மெலிந்து ஒரு கோடான நேரத்தில் பாய்க்குத் தலை சுற்றியது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குடம் குடமாய் வாந்தி எடுத்தார். பதறிப்போய்ப் படகைத் திருப்பினேன். அவரோ வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பயப்படாதீங்க தம்பி. ஒரு லிட்டர் வெளிய போயிருச்சு. நாளைக்கு மெஷினுக்கு வேலை மிச்சம்!"

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது.

மறுநாள் காலை நர்ஸ் அவரை எடை போட்டார். முள்ளைப் பார்த்தார், இறக்கி மறுபடியும் ஏற்றினார். "என்ன பாய், நாலு நாள் இடைவெளி, எடை ஏறவே இல்ல? தண்ணியே குடிக்கலயா?"

"கடலுக்குக் குடுத்துட்டேன்மா."

நர்ஸ் திட்டிவிட்டு, ரத்த அழுத்தத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் மெஷினை ஓட விட்டார். அதன் பிறகு பாய் கதையை ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல அலை பனை உயரமானது, நான் பெரிய மாலுமி ஆனேன். மற்ற படுக்கைகளில் இருந்தவர்களும் திரும்பிப் படுத்துக் கேட்டார்கள். அன்று யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து நான் தினமும் கரைக்குப் போக ஆரம்பித்தேன். மச்சான் மீன் இறக்கும்போது நின்று ஏலம் பேசினேன். அந்த வேலைக்கு இடது கை தேவைப்படவில்லை.